கழுத்து உடைகிற சத்தம்

என் கழுத்துப் பட்டையின் நாற்றம் எனக்குத்தான் முதலில் தெரிந்தது. உள்ளே நுரைப்பஞ்சு, வெளியே துணி உறை. உறையை மட்டும் கழற்றித் துவைத்துக்கொள்ளலாம் என்று மருந்துக்கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். ஆனால் வியர்வை உறையோடு நின்றுவிடுமா? தாடை படுகிற இடத்தில் மஞ்சளாக ஒரு பிசுக்கு ஏறியது. அதில் பவுடரும் தைலமும் உதிர்ந்த முடியும் சேர்ந்தன. பெங்களூர் மழையில் எதுவும் காய்வதில்லை. சில நாட்களிலேயே, தரை துடைத்துவிட்டு மூலையில் போட்ட ஈரத்துணியின் வாடை வந்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் குழம்பு வாசனைக்கு முன்னால் அதுதான் மூக்கில் ஏறும். தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்த நாட்கள் உண்டு.

இத்தனைக்கும் நான் எளிதில் முகம் சுளிக்கிறவள் அல்ல. எனக்கு வேலை ஒரு பல் ஆஸ்பத்திரியில். ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். கல்யாணமான புதிதில் சேர்ந்தேன், இன்னும் அங்கேதான் இருக்கிறேன். நோயாளி நாற்காலியில் சாய்ந்திருப்பார். டாக்டரம்மா ஒரு பக்கம், நான் எதிர்ப்பக்கம். என் ஒரு கையில் எச்சில் உறிஞ்சும் குழாய், இன்னொரு கையில் கண்ணாடி. உதட்டை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, இடுப்பை முறுக்கிக் குனிந்தபடி மணிக்கணக்கில் நிற்க வேண்டும். சீழ், ரத்தம், பாக்குக் கறை, முந்தின நாள் இறைச்சித் துணுக்கு என்று எல்லாவற்றையும் அந்தக் குழாய் உறிஞ்சும். எனக்கு ஒரு நாளும் குமட்டியதில்லை. வாய் என்றால் அப்படித்தான் இருக்கும். என் சொந்த உடம்பை நினைத்துத்தான் எனக்கு முதன்முதலாகக் குமட்டியது.

ஆரம்பத்தில் காலையில் மட்டும் கழுத்து இறுகியிருந்தது. அப்புறம் இடுப்பும் சேர்ந்துகொண்டது. யாராவது பக்கத்திலிருந்து கூப்பிட்டால், வீடு மாற்றும்போது பீரோவைத் திருப்புவார்களே, அந்த மாதிரி முழு உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது. செருப்பைக் காலால் துழாவித்தான் போட்டேன். எலும்பு டாக்டரிடம் போனேன். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி, பேனா முனையால் காட்டினார்.

“நடுவுல இருக்கிற மெத்தை தேஞ்சிருக்கு. ஓரத்துல பாருங்க, முள்ளு மாதிரி எலும்பு வளர்ந்திருக்கு. கழுத்துலயும் இருக்கு, இடுப்புலயும் இருக்கு. மூட்டுவாதம்தான், முதுகெலும்புல வந்திருக்கு.”

“எப்ப சரியாகும் சார்?”

“சரியாகாதும்மா. மேனேஜ் பண்ணணும்.”

எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவே இல்லை. கடன்காரனையும் குடிகாரப் புருஷனையும்தான் மேனேஜ் பண்ணுவார்கள். மாத்திரையும் பட்டையும் எழுதிக் கொடுத்து, தினமும் பயிற்சி செய்யச் சொன்னார். நான் மாத்திரையை முழுங்கினேன், பட்டையைக் கட்டிக்கொண்டேன். பயிற்சியைத் தொடவில்லை. தைலம் மட்டும் அப்பிக்கொண்டு போனேன். ஒரு நாள் வாயைத் திறந்து படுத்திருந்த பெண்மணி கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லிவிட்டு, “இங்க யாருகிட்டயோ தைல நாத்தம் அடிக்குது” என்று மூக்கைப் பொத்தினாள். அவள் வாயிலிருந்து வந்த வாடையை நான் அரைமணி நேரமாகச் சகித்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா பிறகு தனியாக அழைத்து, “ஆஸ்பத்திரிக்கு வர்றப்ப மட்டும் தைலம் வேணாம்” என்று தணிவாகச் சொன்னார். தப்பில்லை. ஆனாலும் அன்று கழிவறைக்குள் போய்ச் சோப்புப் போட்டுக் கழுத்தைத் தேய்த்தபோது, என் தோலையே உரித்துப் போட்டுவிடலாம் போல இருந்தது.

இதைவிட மோசம் மனிதர்களின் விரல்கள். பட்டையைப் பார்த்ததும் எல்லோருக்கும் வைத்தியம் தெரிந்துவிடும். ஞாயிறு பூசையில் பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் பட்டைக்குள்ளேயே விரலை விட்டு, “இங்கயா வலிக்குது?” என்று அழுத்தினாள். காய்கறிக்காரி அழுத்தினாள். மாடிவீட்டு அம்மாள் வேப்பெண்ணெயை இரண்டு கையிலும் தடவிக்கொண்டே வந்தாள். யாரும் கேட்டுவிட்டுத் தொடவில்லை. பழம் வாங்கும்போது அழுத்திப் பார்க்கிற மாதிரி அழுத்திவிட்டு, கல் உப்பு ஒத்தடம், முடக்கத்தான் தோசை, கட்டாந்தரைப் படுக்கை என்று ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

என் வீட்டுக்காரரின் தங்கை ஆஸ்டின் டவுனில் இருக்கிறாள். நல்லவள், ஆனால் போனில் எதைப் பார்த்தாலும் நம்புவாள். ஒரு நாள் வந்து உட்கார்ந்ததுமே போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“அண்ணி, இத பாருங்க. அத்திபெலேல ஒரு ஆளு. மருந்து இல்ல, ஊசி இல்ல. புடிச்சி ஒரு திருப்பு, அவ்ளோதான். தூக்கிட்டு வந்தவங்க எல்லாம் நடந்து போறாங்க.”

“டாக்டரா அவரு?”

“டாக்டருங்க இன்னா கிழிச்சாங்க? மேனேஜ் பண்ணுன்னாங்க. வாங்க அண்ணி, நானே கூட்டிட்டுப் போறேன்.”

அவள் சொன்னதில் டாக்டரைப் பற்றின பாதி நியாயமாகப் பட்டது. போனோம். ஓசூர் ரோட்டில் பஸ் குதித்த ஒவ்வொரு குதிக்கும் என் இடுப்பு பதில் சொன்னது. டயர்க் கடை ஒன்றின் மாடியில் இருந்தது அந்த இடம். கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஜனம் நிரம்பியிருந்தது. சுவரில் உயரத்தில் ஒரு டிவி. அதில் யார் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். என்னால் அண்ணாந்து பார்க்க முடியாது என்பதால் சத்தம் மட்டும் கேட்டது.

உள்ளே ஒரு மேஜைக்கட்டில். முகம் வைக்க ஓட்டை. ஓட்டையைச் சுற்றி விரித்திருந்த துண்டு ஈரமாக இருந்தது. எனக்கு முன்னால் படுத்தவரின் தலையெண்ணெய், அவருக்கு முன்னால் படுத்தவரின் மூச்சு, இன்னும் யாருடையதோ எச்சில். எங்கள் ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு வைத்த பஞ்சைக்கூட இன்னொருவர் பக்கம் கொண்டுபோக மாட்டோம். எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். ஆனால் குப்புறப் படுத்துவிட்ட பிறகு தானாக எழுந்திருக்கத்தான் என்னால் முடியாதே.

அந்த ஆள் டாக்டர் மாதிரி வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். கையுறை இல்லை. அவர் மனைவி வட்ட விளக்கு ஒன்றை என் பக்கம் திருப்பி, போனைத் தூக்கிப் பிடித்தாள். “சும்மா ஒரு வீடியோ மேடம், உங்களுக்கே அனுப்பிடுவோம்” என்றாள். நான் “ம்” என்றேனா, முனகினேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முதுகில் ஏறி உட்காராத குறையாக அழுத்தினார். பிறகு மல்லாத்திப் போட்டார். “ரிலாக்ஸ் மாடி அம்மா, ரிலாக்ஸ்” என்று கன்னடத்தில் உடம்பைத் தளர்த்தச் சொல்லிக்கொண்டே என் தாடையைப் பிடித்தார். விரல்களில் வேறு யாருடைய தேங்காயெண்ணெயோ மணத்தது. ஒரே திருப்பு. கண்ணுக்குள் வெள்ளையாக மின்னியது. நான் போட்ட சத்தம் எனக்கே வெளியிலிருந்து கேட்டது. அதற்கு மேல் கேட்டது அவர் மனைவியின் குரல்: “சூப்பர் சவுண்ட்!”

பொய் சொல்லக் கூடாது. அன்று சாயங்காலம் கழுத்து லேசாகத்தான் இருந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நாத்தனாருக்குத் தலைகால் புரியவில்லை, வழியெல்லாம் யார் யாருக்கோ போன் போட்டுச் சொன்னாள்.

இரண்டொரு நாளில் வலது கட்டைவிரலும் பக்கத்து விரலும் மரத்துப்போயின. ஒரு நோயாளியின் வாயிலிருந்து குழாய் நழுவி அவர் உதட்டில் அடித்தது. டாக்டரம்மா என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், உடனே எலும்பு டாக்டரிடம் அனுப்பினார். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“தேஞ்ச எலும்ப யாராவது முறுக்க விடுவாங்களா? நரம்பு அழுந்தி வீங்கியிருக்கு. கொஞ்சம் தப்பியிருந்தா கையே விழுந்திருக்கும். ஆஸ்பத்திரில வேல செய்யறவங்கதானே நீங்க?”

மருந்தை மாற்றினார். சில வாரம் லீவு எடுக்கச் சொன்னார். பட்டையைப் பகல் முழுக்கக் கழற்றக் கூடாது என்றார். மறுபடி அந்த நாற்றம்.

லீவு சொல்ல ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் வரவேற்பு மேஜையில் இருக்கிற பெண் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டாள்.

“ஆண்ட்டி, தப்பா நினைச்சுக்காதீங்க. இது நீங்கதானா?”

போனில் என் முகம். தலைகீழாக, வட்ட விளக்கு வெளிச்சத்தில். மேலே பெரிய எழுத்தில், ‘ஹெட்போன் போட்டுக் கேளுங்க! கழுத்து உடையற சத்தம்’ என்று இருந்தது. சடக்கென்ற அந்த ஓசையை ஊதிப் பெருக்கி, மறுபடி மறுபடி வரும்படி ஒட்டியிருந்தார்கள். பிறகு அதையே மெதுவாக ஓட்டினார்கள். மெதுவாக ஓட்டினபோது நான் கத்துவது மாடு கத்துவது மாதிரி இருந்தது. வாய் அகலத் திறந்து கிடந்தது. கடைவாய்ப் பல்லில் அடைத்த வெள்ளி, நாக்கின் மேல் மாவு படிந்த மாதிரி வெள்ளை, உதட்டுக்கு உதடு நூலாக எச்சில். ஊரார் வாயையெல்லாம் பார்த்தவள், என் வாயை அன்றுதான் பார்த்தேன்.

கீழே பார்த்தவர்கள் எழுதியிருந்தார்கள். தூங்குவதற்கு முன்னால் தினமும் இதைக் கேட்பதாக ஒருவர். இன்னும் ஒரு தடவை உடைத்திருக்கலாம் என்று ஒருவர். சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள் வரிசை வரிசையாக. ஒன்றை மட்டும் அந்தப் பெண் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாள். நான் அவள் விரலை நகர்த்திவிட்டுப் படித்தேன். நான் கத்தினதைப் படுக்கையறைச் சத்தத்தோடு ஒப்பிட்டு ஒருவன் எழுதியிருந்தான். அதற்குக் கீழே பல பேர் சிரித்திருந்தார்கள்.

“டெலீட் பண்ணச் சொல்லலாம் ஆண்ட்டி” என்றாள். கண் கலங்கியிருந்தது அவளுக்குத்தான். நான் வாஷ்பேசினுக்குப் போனேன். குனிய முடியாதவள் எப்படி வாந்தி எடுப்பது? நின்றபடியே எடுத்தேன். பாதி பட்டையில் விழுந்தது.

வீட்டில் என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“முந்தானய கொஞ்சம் இழுத்து விட்டிருக்கலாம் இல்ல?” என்றார்.

நான் சமையலறைக்குள் போய்விட்டேன். அரிசியைக் களைந்துகொண்டிருந்தபோது கூடத்திலிருந்து சடக். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சடக்.

“இன்னொரு தடவ ஏன் போடறீங்க?”

“இல்லடி, சத்தம் நெஜமா கழுத்துலேருந்துதான் வருதான்னு பாத்தேன்.”

இத்தனை வருஷம் கூடவே படுத்த மனுஷர். என் கழுத்தில் விழுந்த சத்தத்தை, பட்டாசு வெடித்ததா புஸ்ஸென்று போனதா என்று பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவருக்குச் சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் படுத்துவிட்டேன். திரும்பிப் படுக்கக்கூட முடியவில்லை; கூரையைப் பார்த்துத்தான் கிடந்தேன்.

மறுநாள் நாத்தனார் குதித்துக்கொண்டு வந்தாள். “அண்ணி! லட்சக்கணக்குல பாத்திருக்காங்க. நீங்க ஃபேமஸ் ஆயிட்டீங்க!”

“கீழ எழுதியிருக்காங்க பாரு. வாய் விட்டுப் படி.”

“எதுக்கு?”

“படி.”

சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். மெல்ல மெல்லச் சிரிப்பு குறைந்தது. படுக்கையறைச் சத்தம் என்று ஒருவன் எழுதினதுக்கு வந்ததும் வாய் நின்றது. போனை மடியில் கவிழ்த்துப் போட்டாள். பிறகு ஜன்னல் பக்கம் எட்டி, தூ என்று துப்பிவிட்டு வந்தாள்.

“கெளம்புங்க அண்ணி. போலாம்.”

“எனக்கு பஸ்ஸுல ஒக்கார முடியாது.”

“ஆட்டோ, கார், எதுவோ ஒண்ணு. நான்தானே கூட்டிட்டுப் போனேன்? நானே கூட்டிட்டுப் போறேன்.”

டயர்க் கடை மாடிக்கு இரண்டாம் முறை ஏறினோம். படியில் பாதி ஏறும்போதே என் குரல் கேட்டது. கூடத்து டிவியில் நான்தான் கத்திக்கொண்டிருந்தேன். கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் இடுப்பைப் பிடித்துக்கொண்டும் முழங்காலைத் தடவிக்கொண்டும் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அண்ணாந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பக்கத்திலிருந்த மனைவியிடம், “கேட்டியா, எப்படி ஒடச்சாரு பாரு” என்றார்.

நான் டிவிக்குக் கீழே போய், அவர்கள் எதிரில் நின்றேன். “அது நான்தான்” என்றேன். “எனக்குச் சரியாகல. வெரல் மரத்துப் போச்சு. டாக்டர் இந்தப் பட்டைய நாள் முழுக்கப் போட வெச்சிட்டாரு. எழுந்து வீட்டுக்குப் போங்க.”

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முகங்கள் மட்டும் என்னிடமிருந்து டிவிக்கும் டிவியிலிருந்து என்னிடமும் போய் வந்தன. கடைசியில் முன்வரிசையில் ஒரு அம்மாள் கேட்டாள்: “ஒரே ஒரு சிட்டிங்தான் வந்தீங்களா? மூணு வேணும்னு சொல்றாங்களே?”

பக்கத்தில் இருந்தவர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். அறைகிற மாதிரி கோபம் வந்தது எனக்கு. அதே சமயம் அந்த அம்மாளின் கையைப் பார்த்தேன். விரல் கணுக்களெல்லாம் இஞ்சி மாதிரி வீங்கிக் கோணியிருந்தன. அவளை என்னவென்று திட்டுவது?

உள்ளேயிருந்து வெள்ளைக் கோட்டு ஆளின் மனைவி வந்தாள். விஷயம் புரிந்ததும் முகம் மாறியது. “நீங்கதானே மேடம் சரின்னு தல ஆட்டினீங்க?”

“என் தலைய என்னால ஆட்ட முடிஞ்சிருந்தா இங்க ஏன் வர்றேன்?”

அந்த ஆள் எண்ணெய்க் கையோடு வெளியே வந்தார். கழுத்துப் பட்டையைப் பார்த்துக் குரலைத் தணித்தார். “அம்மா, உள்ள வாங்க. ஃப்ரீயா ஒரு தடவ பாத்து விடறேன். லைட்டா நகர்ந்திருக்கும்.” சொல்லிக்கொண்டே, பழக்கத்தில், என் கழுத்துக்குக் கையை நீட்டினார்.

“கையை எடு” என்றேன். அந்நியர் யாரையும் நான் அதுவரை ஒருமையில் பேசியதில்லை. அவர் கை பாதியில் நின்றது.

அதற்குப் பிறகு பேசினது நாத்தனார்தான். தமிழில் ஆரம்பித்து, கோபம் ஏற ஏறக் கன்னடத்துக்கு மாறினாள். போலீஸ் ஸ்டேஷன் எங்கே இருக்கிறது என்று கூடத்தைப் பார்த்து உரக்கக் கேட்டாள். கீழேயிருந்து டயர்க் கடைக்காரரே மேலே ஏறி வந்துவிட்டார். மனைவிக்காரி எங்கள் கண்ணெதிரில் வீடியோவை அழித்தாள். டிவியை அணைத்தாள். மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை; இந்த மாதிரி ஆட்களால் தொழிலே பண்ண முடியவில்லை என்றுதான் முணுமுணுத்தாள்.

நாங்கள் படியிறங்கி ரோட்டுக்கு வந்து காருக்காக நின்றபோது மேலே டிவியை மறுபடி போட்டார்கள். இப்போது கத்தினது ஒரு ஆண்குரல்.

திரும்பி வரும்போது நாத்தனார் என் மரத்த விரல்களைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. வாயெல்லாம் கசந்தது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் பட்டையின் உள்பஞ்சைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, புதிது ஒன்று வாங்கிவரச் சொல்லி வீட்டுக்காரரை அனுப்பினேன். அவர் மறுபேச்சு இல்லாமல் மாற்று உறை ஒன்றையும் சேர்த்து வாங்கிவந்தார். வீடியோவைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அவர் அதைத் தன் போனில் எடுத்து வைத்திருந்தாரா என்று நான் கேட்கவும் இல்லை.

அழித்தது அழித்ததாக இல்லை என்று வரவேற்புப் பெண் பின்னால் சொன்னாள். வேறு யார் யாரோ எடுத்து, வேறு பாட்டுப் போட்டு, இந்தியில் எழுதி ஒட்டியிருக்கிறார்களாம். “காட்டட்டுமா ஆண்ட்டி?” என்றாள். வேண்டாம் என்றேன்.

எலும்பு டாக்டர் முதலில் சொன்ன பயிற்சிகளை அதற்குப் பிறகுதான் கற்றுக்கொள்ளப் போனேன். பிசியோதெரபி அறையில் இருந்த பெண், “கை வைக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் தோளைத் தொட்டாள். அதைக் கேட்டதும் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் ஏதோ வலிக்கிறது என்று நினைத்துக் கையை எடுத்துவிட்டாள். சொல்லித்தந்ததெல்லாம் சாதாரணமானவை: சுவரில் முதுகை ஒட்டி நின்று தாடையை உள்ளே இழுப்பது, நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தலையால் தள்ளுவது, படுத்துக்கொண்டு முழங்காலை மடக்குவது. செய்யும்போது முட்டாள்தனமாக இருக்கும். வலி போகவில்லை. போகாது. சில காலைகளில் படுக்கையிலிருந்து எழுவதற்குள் எனக்குத் தெரிந்த வசவெல்லாம் தீர்ந்துவிடும். மரமரப்பு மட்டும் கட்டைவிரல் நுனியோடு நின்றிருக்கிறது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைக் கருவிகளைக் கழுவிச் சூடுபடுத்தும் அறைக்கு மாற்றி, தட்டுகளை நெஞ்சுயரத்துக்கு வைத்துக்கொடுத்தார். குழாயை இப்போது வேறொருத்தி பிடிக்கிறாள். எனக்கு வாய்களைப் பார்க்காமல் இருப்பது என்னவோ போல இருக்கிறது. சொன்னால் சிரிப்பார்கள்.

போன கிறிஸ்துமஸுக்குக் கல்கல் பலகாரம் செய்ய நாத்தனார் வந்தாள். தரையில் உட்கார்ந்து மாவை முள்கரண்டியில் உருட்டி உருட்டி, அவளுக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டது. எழுந்து நெளிந்தாள்.

“அண்ணி, அந்த செவுத்துல ஒட்டிக்கிட்டு ஏதோ பண்ணுவீங்களே, இன்னா அது?”

காட்டினேன். இரண்டு பேரும் பீரோவுக்கும் காலண்டருக்கும் நடுவில் சுவரோடு ஒட்டி நின்று தாடையை இழுத்தோம். அந்தப் பக்கமாக வந்த என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் போய்விட்டார்.

“ஒண்ணும் ஆகலியே அண்ணி. போர் அடிக்குது” என்று கொஞ்ச நேரத்திலேயே நாத்தனார் விலகி, காய்கிற எண்ணெயைப் பார்க்கப் போய்விட்டாள். நான் மீதியையும் முடித்துவிட்டு, நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டு, மிச்ச மாவை உருட்ட உட்கார்ந்தேன்.